நேற்றைய தண்ணீர்

விடிவதற்கு முன் நாயகம் எழுந்தான். வாய் புளித்தது. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் காலையில் வாய் புளிக்கும். இரவில் தோலின் துளைகள் திறந்து காற்றை வாங்கி, அமிலமாக்கி, பகல் செலவுக்கு உள்ளே வைத்துக்கொள்ளும். வெயில் ஏறுவதற்குள் துளைகளை மூட வேண்டும். அவன் மனைவி ஆவுடைச்செல்வியின் முதுகில் மெழுகு தடவினான். அவள் அவன் முதுகில் தடவினாள். தலையிலிருந்த வெள்ளை முள்மயிரில் இரவுப் பனி கோத்திருந்தது. அதை உதறி உள்ளங்காலில் தேய்த்துக்கொண்டார்கள். பாதம் ஈரத்தை உறிஞ்சியது. காலை உணவு அவ்வளவுதான்.

அவள் அவனுடைய விலா மடிப்புகளைத் தடவிப் பார்த்தாள். மடிப்புகள் விரிந்து உப்பியிருந்தன.

"தண்ணி இன்னும் ஒரு வருசத்துக்குக் காணும்," என்றாள்.

அவன் வேலைக்குப் போனான். தண்டவாளத்தில் சேரும் மணலை அள்ளும் எந்திரத்தை ஓட்டுவது அவன் வேலை.

மழை நின்றுபோன கரிசல் காட்டில் மனிதர்கள் தங்கியிருக்க முடிந்ததற்குக் காரணம் கள்ளியுடல். கள்ளிச்செடியிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மனிதனுக்குள் வைத்திருந்தார்கள். கள்ளி இலையை விட்டுவிட்டு முள்ளை வைத்துக்கொண்டது. முள் நிழல் தரும், பனியைப் பிடிக்கும், ஆனால் ஈரத்தை ஆவியாக விடாது. அதனால் முள்மயிர். கள்ளியின் தண்டு மழையில் விசிறிபோல விரியும், கோடையில் சுருங்கும். அதனால் விலா மடிப்பு. கள்ளியின் வேர் ஆழம் போகாமல் மேலாகப் பரவி, தூறல் விழுந்த உடனே குடித்துவிடும். அதனால் வேர்ப்பாதம். எல்லாவற்றுக்கும் மேலாக, கள்ளியை வெட்டினால் வழியும் கொழகொழப்பு. தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைப்பது அதுதான். அதற்கு உயிர்ப்பசை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

செடியில் இல்லாத ஒன்றையும் வைத்தார்கள். கடைசி விலாவுக்குக் கீழே, திறந்து மூடக்கூடிய ஒரு வடிமூக்கு. அறுவை சிகிச்சைக்கு முன் தண்ணீரை இறக்குவதற்காக மருத்துவர்கள் வைத்தது. மக்கள் அதற்கு வேறொரு உபயோகம் கண்டுபிடித்தார்கள்.

புதன்கிழமை ஒலிபெருக்கி அறிவித்தது. வெள்ளிக்கிழமை குடிநீர் ரயில் வருகிறது.

சாயங்காலம் எதிர்வீட்டு ஜெயராணி வாசலில் நின்று கேட்டாள்.

"என்ன ஆவுடை, உள்ள இருக்கிறத ஊத்தியாச்சா?"

"ஊத்தணும் மதினி. போன ரயிலுக்குப் பிடிச்சது. எத்தன நாளைக்கு வச்சிருக்க?"

"எனக்கு ராத்திரி கனாவுல புழு நெளியுது."

"ஒங்களுக்கு அதாச்சும் நெளியுது. எங்க வீட்டுல ஒண்ணு அசையவே மாட்டேங்குது," என்று ஆவுடை உள்ளே படுத்திருந்த நாயகத்தைக் காட்டினாள்.

அவன் எழுந்து வந்தான். "ரயில் வரட்டும். பெறகு ஊத்துவோம்."

"வந்த பெறகு ஊத்திக்கிட்டு இருந்தா வரிசைல கடைசிலதான் நிக்கணும். குடத்தக் கழுவி வச்சுட்டுத்தானங்க கொழாயடிக்குப் போவாக?"

"அதுல என்ன கெட்டுப்போச்சு இப்ப?"

"கெடல. ஆனா பழசு."

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். குழாயில் தண்ணீர் வந்த காலத்திலிருந்து, புதுத் தண்ணீர் வருகிறதென்றால் நேற்றுப் பிடித்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் பாத்திரம் துலக்கியவர்கள். குடம் இப்போது உடம்புக்குள் போயிருந்தது. கைப் பழக்கம் மாறவில்லை.

வியாழக்கிழமை தெரு முழுக்க வடிமூக்குகள் திறந்தன. முற்றத்தில் ஊற்றினார்கள். கரிசல் மண் குடித்தது. நாயகம் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று பாதியில் மூடிக்கொண்டு ஓடினான். ஜெயராணி அலுத்துப்போய் அடியில் கொஞ்சம் விட்டுவிட்டாள். ஆவுடை அப்படிச் செய்பவள் இல்லை. அவள் துலக்கிய பாத்திரத்தில் முகம் தெரியும். முதலில் இறங்கிய தண்ணீரையே செம்பில் பிடித்துத் திரும்பக் குடித்து, குலுக்கி, மறுபடி இறக்கினாள். கடைசியில் கொழகொழவென்று ஏதோ வந்தது. பாசி என்று நினைத்தாள். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினாள்.

வெள்ளிக்கிழமை ரயில் வரவில்லை. மேற்கே கணவாய்க்கு அப்பால் மணற்புயல் தண்டவாளத்தை மூடிவிட்டது. நாயகம் இரவு பகலாக மணல் அள்ளினான். மாற்று ஆள் வந்ததும் வீட்டுக்கு வந்தான்.

ஆவுடை பாயில் கிடந்தாள். விலா மடிப்புகளுக்குள் கை போகும்போல இருந்தது. தோல் வெளுத்த சுவரின் நிறமாகியிருந்தது.

அவன் தன் வடிமூக்கைத் திறந்து செம்பில் பிடித்தான். அவள் தலையைத் தூக்கி ஊற்றினான். குடித்தாள். கண் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் தோல் வழியாகக் கசிந்து பாய் முழுவதும் நனைந்தது. மறுபடி ஊற்றினான். மறுபடி நனைந்தது.

டாக்டர் எபனேசரின் வீட்டுக்கு ஓடினான்.

"தண்ணி தங்க மாட்டேங்குது டாக்டர்."

"ஊத்தும்போது கொழகொழன்னு எதுவும் வந்துச்சா?"

"வந்திருக்கும். அவ சுத்தமா அலசிட்டா."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அலசினது உயிர்ப்பசை," என்றார்.

"எங்கிட்டருந்து எடுத்து வைங்க," என்றான் நாயகம்.

"ஒருத்தர் பசை இன்னொருத்தர் ஒடம்புல ஒட்டாது தம்பி. அவங்களுக்கே ஊறணும். மாசக்கணக்காகும்."

"அதுவரைக்கும்?"

"ஊத்திக்கிட்டே இருக்கணும். நிறுத்தக் கூடாது. ரயில் சீக்கிரம் வந்துட்டா பார்க்கலாம்."

"ஒங்ககிட்ட எவ்வளவு இருக்கு?"

டாக்டர் தன் மேசையைப் பார்த்தார். "நானும் வியாழக்கிழமையே ஊத்திட்டேன்."

"ஒங்களுக்குத் தெரியாதா டாக்டர்?"

"தெரியும். பசைய விட்டு வச்சேன். தண்ணிய வச்சுக்க மனசு வரல. ரயில் வருதுன்னு சொன்னாங்கல்ல."

நாயகம் வீடு வீடாகப் போனான். செம்பை நீட்டினான். சோம்பேறிகளின் வீடுகளில் மட்டும் கிடைத்தது. ஜெயராணி வாசலிலேயே வடிமூக்கைத் திறந்தாள். செம்பு நிறைந்ததும் அவள் முகம் சிறுத்தது.

"பழைய தண்ணி தம்பி. குடுக்கவே கூச்சமா இருக்கு."

"குடுங்க மதினி."

"வெள்ளத் துணில வடிகட்டியாவது குடு."

அவன் ஊற்றினான். ஆவுடை குடித்தாள். பாய் நனைந்தது. தெருவில் கொடுக்க முடிந்தவர்கள் தங்களுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு கொடுத்து முடித்தார்கள். அவன் தன்னுடையதைக் கிட்டத்தட்ட முழுவதும் கொடுத்தான்.

ஊருக்கு வெளியே தரிசில் நிஜமான கள்ளிகள் நின்றன. பல ஆண்டுகளாக மழை காணாதவை. நாளை மழை வரும் என்று சொல்லி அவற்றில் ஒன்றுகூட ஒரு துளியை வெளியே விட்டதில்லை. அவற்றுக்கு ஒலிபெருக்கி கேட்காது. நேற்றைய தண்ணீர், இன்றைய தண்ணீர் என்று பிரித்துப் பார்க்கவும் தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் முள்ளை எடுத்தார்கள், மெழுகை எடுத்தார்கள், பசையை எடுத்தார்கள். இதை எடுக்கத் தோன்றவில்லை. இதை ஒரு உறுப்பு என்று யாரும் நினைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், ரயிலின் ஊதல் கேட்டது.

தெரு எழுந்தது. அடியில் மிச்சம் வைத்திருந்தவர்கள், ஆவுடைக்குக் கொடுத்ததுபோக இருந்ததையும் முற்றத்தில் ஊற்றிவிட்டு ஓடினார்கள். டாக்டரும் ஓடினார். நாயகம் செம்போடு எழுந்தான். ஆவுடை அவன் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் கனம் இல்லை. அவன் உட்கார்ந்தான். ரயில் நிலையத்திலிருந்து ஜெயராணி நிறைசெம்போடு வந்து சேர்ந்தபோது, ஆவுடையின் வாயில் ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாக இறங்கிக் காதோரம் ஓடியது.

ஆவுடை கடைசியாகச் சாமி பெயரைச் சொன்னாள் என்று சாவுக்கு வந்த அவளுடைய அம்மா பிறகு எல்லோரிடமும் சொன்னாள். புருசன் பெயரைச் சொன்னாள் என்று ஜெயராணி சொன்னாள். நாயகம் யாரையும் திருத்தவில்லை. கூட இருந்தவன் அவன் மட்டும்தான். ஊதல் கேட்டதும் அவள் கண் திறந்து அவனைப் பார்த்தாள். உதடு ஒட்டியிருந்தது. பிரித்துக்கொண்டு சொன்னாள்:

"ஒங்களுக்குள்ள இன்னும் கொஞ்சம் கெடக்கும். அத ஊத்திட்டுப் போய்ப் பிடிங்க."