மெலிந்த மூச்சு

கோடு பூஜ்யத்தில் வந்து நின்றிருந்தது. திங்கட்கிழமை ரிலீஸ். அதற்கு முந்தைய கடைசி ரிப்போர்ட்டில் மிச்சமிருக்கும் பக், அதாவது கோளாறு, என்று ஒன்றுகூட இல்லை. பல வாரங்களாக வளைந்து நெளிந்து இறங்கிவந்த சிவப்புக் கோடு, கல்யாண மண்டபத்தை விட்டுப் போகாத கடைசி விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்த ஒற்றை பக்கும் போனதும் தரையைத் தொட்டுவிட்டது. வீட்டுக் கூடத்தில் கணினி முன் உட்கார்ந்திருந்த அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க, வீட்டைப் பூட்டிக்கொண்டு பாதி தூரம் வந்தபின் அடுப்பை அணைத்தோமா என்று தோன்றுமே, அப்படி ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் அவளுக்கு 'ரிப்போர்ட் அக்கா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவும் அப்படித்தான். யார் எத்தனை பக் பிடித்தார்கள், எதைச் சரிசெய்தார்கள், சரிசெய்ததில் எது மறுபடி தலைதூக்கியது என்று எல்லாவற்றையும் கோடும் கட்டமுமாக வரைந்து, டெஸ்டிங் ஒழுங்காக நடக்கிறதா, பூசி மெழுகுகிறார்களா என்று சொல்லிவிடுவாள். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் தவறாமல் ஒன்று சொல்வாள்: "பக் வரலைன்னா ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு, சாமான் நல்லா இருக்கு. இல்லாட்டி, யாரும் தேடல."

இந்தச் சாமான், குழந்தைகள் தூங்கும் அறையில் வைக்கிற ஒரு கருவி. தொட்டிலருகே உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, அடுத்த அறையில் பெற்றவர்களுக்கு ஒரு சின்னத் திரை. பெட்டி குழந்தையின் மூச்சைக் கேட்கும். திரை அதைப் பச்சைக் கோடாக வரைந்து, சத்தத்தையும் ஒலிபரப்பும். மூச்சு நின்றால் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறும்.

அவள் இதற்காக உயிரைக் கொடுத்து உழைத்ததற்குக் காரணம் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தது. பாப்பா குறைமாதத்தில் பிறந்தவள். தூக்கத்தில் சில சமயம் மூச்சு விட மறந்துவிடுவாள். தட்டினால் போதும், திரும்ப விடுவாள், ஆனால் தட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவளும் கணவனும் முறைபோட்டுக்கொண்டுதான் கண் அயர்ந்தார்கள். இன்று கணவன் வேலைக்குப் போய்விட்டான். அவளுக்கு ரிலீஸ் வேலை. தன் கையால் ஓகே சொன்ன கருவியை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று, அலுவலக அலமாரியில் மிச்சமிருந்த ஒன்றை நேற்று எடுத்து வந்திருந்தாள்.

நடுப்பகல்தான். ஆனால் வெளியே மழை மூட்டம் கட்டி, கூடம் அந்திபோல் மங்கிக் கிடந்தது. குளிர்சாதனப் பெட்டி முனகிவிட்டு அடங்கியது. சமையலறைக் குழாய் சொட்டியது. பக்கத்து வீட்டில் காலையிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தவர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள் போலிருந்தது. அந்த அமைதியில், மேசைமேல் கணினிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த திரையிலிருந்து மூச்சு வந்துகொண்டிருந்தது. சீராக. அழுத்தமாக.

இவ்வளவு நல்ல மூச்சு பாப்பா இதுவரை விட்டதில்லை. கேட்கக் கேட்க அவளுக்குக் கண் கலங்கியது. குழந்தை பிறந்த நாளிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த கல் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

திரும்பவும் ரிப்போர்ட்டுக்கு வந்தாள். அரிக்கிற இடம் எங்கே என்று தேடினால், அந்தக் கடைசி பக்கில் கண் போய் நின்றது. கொடுத்தவன் 'குடைச்சல்'. எதைக் கொடுத்தாலும் நோண்டி நோண்டிக் கெட்டதைக் கண்டுபிடிப்பதால் குழு அவனுக்கு வைத்த பட்டம். அவளுடைய டெஸ்டர்களில் அவன்தான் கெட்டிக்காரன். கருவியைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தபோது அவன் எழுதியது ஒரே வரி: 'அறையில் ஒரு குழந்தைதான். இரண்டு மூச்சு கேட்கிறது.'

அதன் கீழே டெவலப்பர் செய்த திருத்தம்: 'இரண்டு மூச்சு கேட்டால் பலமானதை மட்டும் வைத்துக்கொள்ளும். மெலிந்ததை இரைச்சல் என்று தள்ளிவிடும்.'

அதற்கும் கீழே, திருத்தம் சரியா என்று பக் கொடுத்தவனே பார்த்து எழுத வேண்டிய இடத்தில் குடைச்சலின் பெயர் இல்லை. அவள் பெயர் இருந்தது. ஆமாம், அவள்தான் பார்த்தாள். அலுவலகச் சோதனை அறையில், பம்பு வைத்து மூச்சு விடுகிற ரப்பர் பொம்மையோடு. ஒரே மூச்சுதான் வந்தது. பக்கை மூடினாள், கோடு தரையைத் தொட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு குடைச்சல் ஒரு பக் கூடக் கொடுக்கவில்லை என்பது இப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அவ்வளவு குடைகிற ஆள், தேடுவதையே விட்டுவிட்டிருந்தான்.

போன் செய்தாள்.

"சொல்லுங்கக்கா."

"உன் கடைசி பக்கை நீ ஏம்ப்பா திரும்பப் பாக்கல?"

"வீட்ல வெச்சு இனிமே பாக்க மாட்டேன்னு சொன்னேனேக்கா. நீங்கதான், சரி விடு, நான் பாத்துக்கறேன்னீங்க."

"பாத்தேன். பொம்மைய வெச்சு. ஒரு மூச்சுதான் வந்துச்சு."



"பொம்மைகிட்ட அதுக்கு என்னக்கா வேலை?"

கூடத்தில் எங்கிருந்தோ ஒரு வாடை வந்தது. நாள்பட்டு மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. மழைக்கு முன் சாக்கடை கிளறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு உங்க வீட்ல என்னதான் நடந்துச்சு?"

"என் தங்கச்சி பையன் தூங்கிட்டிருந்தான். திரையில ரெண்டு கோடு. பயலப் பாரு, ரெண்டு ஆளுக்குச் சேர்த்து மூச்சு விடறான்னு மொதல்ல சிரிச்சோம். அப்புறம் ஒரு கோடு பலமாயிட்டே போச்சு. இன்னொண்ணு மெலிஞ்சுட்டே வந்துச்சு."

"சரி."

"மெலிஞ்சதுதான்க்கா அவனோடது. என்னமோ தோணி ஓடிப் போய்த் தூக்கினேன். உதடெல்லாம் நீலம். நாலு தட்டு தட்டினதும் அழுதான், பொழச்சான். ரெண்டு கோடு தெரிஞ்சதாலதான்க்கா எனக்குத் தெரிஞ்சுது. இல்லன்னா அது பாட்டுக்கு நல்ல மூச்சுதானே காட்டிட்டு இருந்திருக்கும்?"

"இத ஏண்டா எழுதல?"

"இத எப்படிக்கா பக்குனு எழுதறது? சிரிக்க மாட்டீங்க? பெட்டிய அணைச்சு ஆபீஸ் அலமாரியில கொண்டுவந்து வெச்சுட்டேன். அக்கா... அந்தப் பெட்டி இப்ப யார்கிட்ட இருக்கு?"

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

மேசைமேல் திரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இழுத்தது. விட்டது. பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அது இன்னும் கனத்திருந்தது. அந்த இழுப்பு எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் கவனித்தாள். கைக்குள் அடங்குகிற நெஞ்சு பாப்பாவுக்கு. அவ்வளவு காற்றை அது எங்கே வைக்கும்? அடிவயிற்றிலிருந்து, நிதானமாக, பசியாறின யாரோ விடுகிற மூச்சு.

பச்சைக் கோடு. ஒரே கோடு. மெலிந்ததைத் தள்ளிவிடும்.

எழுந்தாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. போனில் குடைச்சல் "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டிருந்தான். உள்ளறைக்கு நாலடிதான். காலை யாரோ பிடித்து இழுப்பது போலிருந்தது. வாடை அங்கேதான் அதிகமாக இருந்தது. வெளிச்சம் படாமல் தூங்கட்டும் என்று அவளே சாத்திய கதவு. பிடி சில்லென்றிருந்தது.

திறந்தாள்.

திரைச்சீலையின் நீல மங்கல். தொட்டில். அதன் கம்பியில் மாட்டிய பெட்டி, ஒரு சின்னப் பச்சைப் பொட்டாக எரிந்தது. பாப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். இரண்டு ஆள் படுத்தால் இடம் விடுவதுபோல், ஓரமாக ஒதுங்கி.

"பாப்பா."

மூக்கடியில் விரலை வைத்தாள். காத்திருந்தாள். விரலில் எதுவும் படவில்லை.

கூடத்தில் மூச்சு நிற்கவில்லை. இழுத்தது. விட்டது.

அள்ளி எடுத்தாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கழுத்து துவண்டது. தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். உள்ளங்காலைத் தட்டினாள். "விடும்மா. மூச்சு விடும்மா. என் தங்கமே, விடேன்." குழந்தையைத் தட்டுகிற சத்தம் திரைவழியாகக் கூடத்தில் கேட்டது. அவள் அழுகிற சத்தமும் கேட்டது. இரண்டுக்கும் அடியில், கொஞ்சமும் அவசரப்படாமல், அது.

அலாரம் அடிக்கவில்லை. அடிக்காது. நின்றது மெலிந்த மூச்சுதான். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஓகே சொன்னவள் அவள்.

தட்டினாள். தட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள், முதுகு சுவரில் முட்டும்வரை. அங்கிருந்துதான் பார்த்தாள். பாப்பாவை எடுத்துவிட்ட வெறும் தொட்டிலில், ஓரத்தில் அல்ல, நட்ட நடுவில், போர்வை மெதுவாக மேலெழும்பியது. நின்றது. இறங்கியது. மறுபடி எழும்பியது.