வடக்கு மூலை விளக்கு

"இன்னிக்குச் சாயங்காலம் ரெஜிஸை வேலையை விட்டு அனுப்பப்போறாங்க மேடம். அதுக்குள்ள அவன்தான்னு நிரூபிச்சுக் கொடுங்க" என்றாள் ஜோதி. துப்பறிவாளர் அறிவுமதி அப்போதுதான் அவளுடைய ஸ்ரீரங்கம் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஜோதி உருவாக்கியது பிரவுசரில் ஆடும் சின்ன ஆட்டம். நடுவில் கோயில், சுற்றி நாலு வீதி, ஓடி ஓடி விளக்கேற்ற வேண்டும். எந்தப் பக்கமும் சுற்றலாம். ஆடியவர்கள் பாராட்டித் தள்ளினார்கள். 'கரிநாக்கு' என்ற புனைபெயர் ஆசாமி மட்டும், 'வடக்கு மூலையில் ஆட்டம் நின்றுவிடுகிறது' என்று விடாமல் எழுதினார். ஜோதி ஆடிப் பார்த்தாள், எங்கும் நிற்கவில்லை. முதல் குறை ஆட்டம் வெளிவருமுன்பே வந்திருந்தது. உள்ளாள் வேலைதான் என்று முடிவுகட்டி, ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்த சக ஊழியன் ரெஜிஸை ஆபீஸ் குரூப்பில் எல்லார் முன்னாலும் பொறாமைக்காரன், துரோகி என்று கிழித்துவிட்டாள்.

"சந்தேகமே இல்ல மேடம், ரெஜிஸ்தான்!" என்றான் உதவியாளன் ஜெஸ்வின். எந்த வழக்கிலும் காதில் விழும் முதல் பெயர்தான் அவனுக்குக் குற்றவாளி.

ஜோதியின் கணவன் ரெங்கராஜ் வடைப் பொட்டலத்தோடு வாசலுக்குள் வந்தான். படி பக்கத்திலேயே இருந்தது. இருந்தும் முற்றத்துத் துளசி மாடத்தை வலமாகச் சுற்றிவந்துதான் ஏறினான். அறிவுமதி ஒரு வடையை எடுத்துக்கொண்டார்.

"ஆடிக் காட்டுங்க ஜோதி."

ஜோதி மளமளவென்று ஆடி முடித்தாள். "முதல் விளக்கு இந்தப் பக்கம்தான் கிட்ட இருக்கு. எல்லாரும் இப்படித்தான் ஓடுவாங்க."

"கோயிலை இடமா சுத்துறீங்க. இப்ப வலமா சுத்துங்க."

சுற்றினாள். வடக்கு மூலை வந்தது. திரை அப்படியே நின்றுபோனது. அடிப்பாவி, நான் ஒரு தடவைகூட இப்படி ஆடிப் பார்க்கவில்லையே என்று ஜோதிக்குக் குப்பென்று வியர்த்தது.

"கரிநாக்கு பொய் சொல்லலை" என்றார் அறிவுமதி. "நீங்க முன்னாடியே அனுப்பின, ரெஜிஸ் சோதிச்ச வீடியோவும் பார்த்தேன். அவரும் உங்களை மாதிரியே இடமாத்தான் சுத்தினார், அவருக்கு ஆட்டம் நிக்கவே இல்லை. இதை எழுதினவர் விளையாட்டுக்குக்கூட அப்பிரதட்சிணம் பண்ணாத ஆள். வெளிவருமுன்னாடி லிங்க் யார் யார்கிட்ட இருந்துச்சு?"

"ஆபீஸ்ல மட்டும்தான் மேடம்."

"வீட்டுல?"

ஜோதி மெல்லத் திரும்பினாள். ரெங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்களா?"

"நேர்ல சொன்னா, 'உங்களுக்கு என்ன தெரியும்'னு எரிஞ்சு விழுவே. அதான் வேற பேர்ல எழுதினேன். ரெஜிஸ் தலையில விடியும்னு சத்தியமா எனக்குத் தெரியாது ஜோதி."

அவன்மேல் கோபம்கூட வரவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. பழியைப் போட்ட அதே குரூப்பில், 'தப்பு என் ஆட்டத்தில். ரெஜிஸ் குற்றமற்றவன். நான் பேசியது அநியாயம்' என்று எழுதினாள். ரெஜிஸை வேலையை விட்டு அனுப்பவில்லை என்று மேலாளர் உடனே பதில் போட்டார்.

கொஞ்சம் பொறுத்து ரெஜிஸின் பதில் வந்தது: 'வடக்கு மூலையைச் சரிபண்ணிட்டியா? இல்ல, நான் வந்து பார்க்கவா?'

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஜோதி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.