மாற்றி வெச்ச வளையம்

முழங்காலுக்குக் கீழே, எலும்புத் துண்டு பறந்துபோன இடம் விண்விண்ணென்று தெறித்தது. ஆபரேஷனுக்காகக் காலையிலிருந்து தாவூது பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடையநல்லூரிலிருந்து மட்டாஞ்சேரிக்குக் கட்டட வேலைக்கு வந்தவன். சாரம் சரிந்து கால் நொறுங்கியது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "தாவூதே, ஓப்பரேஷன் மாற்றி வெச்சு, கேட்டோ!"

மாற்றி வைத்துவிட்டார்களா... யாருக்கு?

ஊன்றுகோலோடு நொண்டி வராந்தாவுக்கு வந்தான். அங்கே பெஞ்சில் ஒரு பெண். அவள் காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், கம்பிகள். எலும்பு வளர உன் காலில் மாட்டுவோம் என்று டாக்டர் அவனுக்குக் காட்டிய அதே வளையம்!

"ஏம்மா, என் வளையத்த உனக்கு மாட்டிட்டாங்களா? யாரு சிபாரிசு?"

மழைச்சாரல் ஒட்டிய இமைகள் நிமிர்ந்தன. எவ்வளவு பெரிய கண்கள்... அவற்றில் சிரிப்பு வேறு!

"நாலு மாசமா கெடக்கு இக்கா. கொலுசு மாதிரி கழட்டித் தரட்டுமா?"

"நர்ஸம்மா மாத்தி வெச்சுட்டதா..."

"ஐயோ! மலையாளத்துல அதுக்குத் தள்ளிப் போட்டாச்சுன்னு அர்த்தம்." சிரிப்பு அடங்கியது. "இங்க இருக்கறதே இது ஒண்ணுதான். என் எலும்பு வளந்து கெட்டியானதும் கழட்டி, இட்டிலி மாதிரி ஆவில வேகவெச்சு, உங்களுக்கு."

அவள் ஹிஸானா. கிடங்கில் தமிழ்க் கூலிகளோடு வேலை செய்து தமிழ் பழகியவள். அங்கேதான் சுக்கு மூட்டை காலில் சரிந்து விழுந்ததாம்.

அவனுக்குப் பற்றி எரிந்தது. பக்கத்தில் வல்லார்பாடம் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகக் கண்டெய்னர் பெட்டி இறங்குகிறது. கூலிக்காரன் காலுக்கு ஒரு வளையம் இறங்காதா?

தினமும் அதே பெஞ்ச், ஆளுக்கொரு சாயா, அவளுடைய கிண்டல்... மறுவாரம் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இன்னும் தாமதித்தால் அவன் காலையே எடுக்க நேரலாம்.

"என்னுதக் கழட்டுங்க டாக்டர்!" என்றாள் ஹிஸானா.

"எலும்பு இன்னும் இளசும்மா. வளைஞ்சிடும்."

"கழட்டக் கூடாது!" தாவூது கத்தினான். "ஒரு செட்டை வெச்சுக்கிட்டு ரெண்டு ஏழையை மோதவிடுறீங்களே, வெக்கமா இல்ல? எனக்கு எவ தானமும் வேணாம்."

டாக்டர் தலைகுனிந்து நகர்ந்தார்.

"திமிரா?" அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"திமிருதான். உன் கால் வளைஞ்சா... நான் எந்தக் காலை ஊனி நடப்பேன்?"



"இதுக்கு என்ன அர்த்தம், இக்கா?"

"உன்னைப் புடிச்சிருக்குன்னு அர்த்தம். தமிழ்லயும் மலையாளத்துலயும்."

அவள் தலையில் போட்டிருந்த தட்டத்தால் முகத்தைத் துடைத்தாள். "அப்போ வாப்பாகிட்ட கேக்க வரும்போது... ரெண்டு காலோட வரணும்."

"வருவேன்."

வளையம் அவள் காலிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி தாவூதுக்குத் தரவேண்டிய வளையம் ஒன்று, இன்னும் பாக்கி.