காலி நாற்காலி இருந்த பலகை

என் வீட்டுக்காரருக்குப் பிழைப்பு மருந்துக்கடை. பைத்தியமெல்லாம், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மரத்தில் சுட்டு வரைந்த பழைய படங்கள் மேல். யாரோ பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கதவைத் திறந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் கேட்ட, மூடியில் படம் சுட்ட நகைப்பெட்டியைக் கொடுத்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த பெரிய பலகையைக் காட்டினாள்.

"இதையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடுங்க. சும்மாவே தரேன்."

பலகையில் சுட்டிருந்த படத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர். ஐந்தாவது நாற்காலி காலி. "எப்பேர்ப்பட்ட கை பாரேன்!" என்று அவர் பூரித்துப்போனார். எனக்கென்னவோ அந்த நால்வரும் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது பிடிக்கவில்லை.

கூடத்தில் மாட்டினோம். மறுநாளே வீட்டில் கருகல் வாடை. அடுப்பைப் பார்த்தேன், சுவிட்சுகளை முகர்ந்தேன். ஒன்றுமில்லை. பலகையில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது.

காலி நாற்காலியில் ஒரு சடைப்பின்னல் தெரிந்தது.

பிறகு ஒரு தோள்.

எங்கள் மகளுக்கு அன்றுதான் காய்ச்சல் கண்டது.

"என்னங்க, அது நம்ம பாப்பா."

"உளறாதே." சொல்லிக்கொண்டே அவர் உப்புத்தாளை எடுத்து அந்தத் தோளை ஒரே ஒரு இழுப்பு தேய்த்தார்.

உள்ளே மகள் அலறினாள். "அப்பா, எரியுது!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். தோளில் தோல் உரிந்திருந்தது.

திருப்பிக் கொடுக்கலாம் என்று தூக்கிக்கொண்டு போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. வாசலிலேயே போட்டுவிடலாம் என்றேன். "பாப்பாவை இங்க விட்டுட்டா வரச் சொல்றே?" என்று கேட்டார். நானே பலகையின் மறுமுனையைத் தூக்கினேன்.

வீடு திரும்புவதற்குள் கன்னமும் உதடும் வந்திருந்தன. கண்கள்தான் பாக்கி. படுக்கையில் மகள் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை.

அவர் தன் சேகரிப்பிலிருந்த சூட்டுக்கம்பியை எடுத்து அடுப்பில் வைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"அழிச்சாத்தானே அவளுக்கு வலிக்குது? படத்துல அவ மேலயே என்னை வரைஞ்சுடறேன்."

முதல் கோடு போட்டதும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தோம். உள்ளே சத்தமில்லை. அகன்ற தோள், மீசை, மூக்குக்கண்ணாடி எல்லாம் வரைந்து, கடைசியில் கண்களை வைத்தார்.

மகள் தண்ணீர் கேட்டாள்.

பலகையைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டோம். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். தோளில் தழும்புகூட இல்லை. அவரும் பழையபடி கடைக்குப் போகிறார், வருகிறார்.

தினமும் அவர் தலையணை உறையை மட்டும் நான் மாற்ற வேண்டியிருக்கிறது. அவர் எழுந்து போனதும் அதில் அவர் முகம் கிடக்கிறது. நெற்றி, மூக்கு, மூடிய இமை, எல்லாம் துணியில் பழுப்பாகச் சுட்ட கோடுகள்.

நேற்று அந்த இமை திறந்திருந்தது.