காக்காய் வராத அமாவாசை

காக்காய்க்கு வைத்த சோற்றைக் காணோம். அரபு நாட்டில், ருவைஸ் ஊரைத் தாண்டி, உப்புமண் வெளியில் கூலியாட்களுக்குப் புதிதாகப் போட்ட அந்த கேம்ப்பில் வேலுச்சாமி ஒரு காக்காயைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் தை அமாவாசையாச்சே, செத்த அப்பாவைப் பட்டினி போடுவதா என்று மத்தியானம் கேபினுக்குப் பின்னால், ஜெனரேட்டர் உறுமலும் சூடும் கக்கூஸ் நாற்றமும் கலந்த மூலையில் ஒரு கவளம் வைத்து, "கா... கா..." என்று மூன்று தரம் கூப்பிட்டிருந்தான். இப்போது பேப்பர் தட்டு சுத்தமாக நக்கப்பட்டு, கொழகொழவென்று ஈரமாகக் கிடந்தது. சீ! தொட்ட விரலை மணலில் தேய்த்தான். அழுகின மீன் வாடை போகவில்லை.

அதுவும் என்ன சோறு! சப்ளை லாரி வந்து ஒரு வாரமாகிறது. வண்டு அரித்த அரிசியில் நெளிகிற புழுவைப் பொறுக்கிப் போட்டு வடித்த கடைசிப் பானை. உள்ளே காய்ச்சலில் கிடக்கும் தங்கை புருஷன் அருள்முருகனுக்காக வைத்திருந்தது. அவனை உயிரோடு ஊர் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பது?

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் ஈசா நின்றிருந்தார். பாட்டன் காலத்திலிருந்து அந்த மண்ணில் இருக்கிறவர். தட்டைப் பார்த்ததும் ஹிந்தியில் கேட்டார்.

"யாரைக் கூப்பிட்டே?"

"எங்கப்பாவை, பாபா."

"பேர் சொல்லியா?"

"காக்காய்க்கு ஏது பேரு?"

ஈசா காலடி மண்ணைப் பார்த்தார். "உங்களுக்கு முன்னாடியும் இங்க ஒரு கேம்ப் இருந்துச்சு. அவங்களுக்கும் லாரி வரல. யாரும் ஊர் போய்ச் சேரல. பசியோட இந்த மண்ணுக்குள்ள கிடக்கிறவங்கள, பேர் சொல்லாம பொதுவா கூப்பிடலாமா?"

வேலுச்சாமி கேபினுக்கு ஓடினான்.

உள்ளே அதே வாடை. நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம். பானை காலி.

"மாப்ள?"

அருள்முருகன் மல்லாந்து கிடந்தான். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. வாய் பிளந்திருந்தது. அவ்வளவு அகலமாக எந்த வாயும் பிளக்காது. கீழுதட்டில் ஒரு பருக்கை.

அதை எடுக்க வாய்க்குள்ளிருந்து ஒரு விரல் வந்தது. சாம்பல் நிறம். நகமில்லை. பின்னாலேயே இன்னொன்று. இன்னும் மூன்று. ஒரே கையின் விரல்கள் அல்ல.

பருக்கையை வழித்துக்கொண்டு உள்ளே போயின. மறுபடி வந்தன. சோற்றுக்கு ஏந்துவதுபோல் குவிந்து, வேலுச்சாமியைப் பார்த்து நின்றன.