ஏற்றத்தில் உறுமும் லொறி

வத்தேகமையில், குமாரி என்று எல்லோரும் கூப்பிடும் இராஜகுமாரியின் வீட்டு லொறிக்குத் திடீரென்று ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது.

சும்மா நிற்கும்போதே சில வேளைகளில் அதன் எஞ்சின் 'உர்ர்ர்' என்று உறுமும். யாரும் காலை வைத்து மிதிக்காமலேயே, மலை ஏறுவது போலக் கத்தும். இன்னும் சில வேளைகளில் பூனைக்குட்டி மாதிரி மெல்ல முனகிக்கொண்டு நிற்கும்.

கராஜ் வைத்திருந்த மெக்கானிக் ராஜலிங்கம் பாஸ் இரண்டு முறை பார்த்துவிட்டார். அவருடைய கராஜுக்குள் போனால் மட்டும் லொறி பசுவாகிவிடும்.

"ஒரு குறையும் தெரியலையே வீரய்யா. யாராவது கை வைக்கிறாங்களோ என்னவோ" என்றார் பாஸ்.

வீரய்யாதான் குமாரியின் அப்பா. பாஸ் சொன்ன அந்த ஒரு சொல் அவர் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது.

"பற்றரி பழசு, நிறுத்துனா மறுபடி ஸ்டார்ட் ஆகாதுன்னு எஞ்சினை நிறுத்தாமதான் தேத்தண்ணி குடிக்க இறங்குறேன்" என்றார் அன்று இரவு சாப்பிடும்போது. "திரும்பி வந்தா உறுமிக்கிட்டு நிக்குது. பக்கத்துல யாரு? முஹைதீன்."

முஹைதீன் லொறியில் மூட்டை ஏற்றி இறக்குபவர்.

"அக்குறணையில அவரு மச்சான் புது லொறி வாங்கியிருக்காராம்" என்றாள் அம்மா. "நம்ம லொறி படுத்துட்டா, அங்க போயிடலாம்னு நெனைக்கிறாரோ?"

குமாரி சோற்றுத் தட்டை ஒதுக்கி வைத்தாள். கயிற்றில் முடிச்சுப் போட அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே, அவள் அண்ணனைப் போல 'நானா' என்று கூப்பிடும் முஹைதீன்தான்.

"உனக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே? நாளைக்கு நீயும் வா" என்றார் அப்பா. "அவன் கை எங்க போகுது, கால் எங்க போகுதுன்னு பாத்துக்க. அவன்தான்னு தெரிஞ்சா, நாளையோட வேலைக்கு வர வேணாம்னு சொல்லிடுவேன்."

மறுநாள் காலையில் மரக்கறி மூட்டைகளோடு லொறி கண்டிக்குப் புறப்பட்டது. குமாரி நடுவில் உட்கார்ந்து முஹைதீனை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

அவர் சீட்டியடித்தார். சந்தேகமாக இருந்தது. சீட்டியை நிறுத்தினார். அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

கண்டிச் சந்தையில் அப்பா கடைக்காரரைத் தேடிப் போனார். முஹைதீன் மூட்டைகளை இறக்கினார். லொறி அமைதியாக நின்றது.

'நான் பாக்குறேன்னு பயந்துட்டாரு' என்று நினைத்துக்கொண்டாள் குமாரி.

திரும்பும் வழியில், ஓர் ஏற்றத்தில் இருந்த தேத்தண்ணிக் கடை முன்னால் அப்பா லொறியை நிறுத்தினார். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிக் கடைக்குள் போனார். முஹைதீனும் இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைக்கப் போனார்.

உர்ர்ர்ர்!

குமாரி திடுக்கிட்டாள். லொறிக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை. அவளுடைய கால்களோ சீட்டின் மேல் மடங்கி இருந்தன.

முஹைதீன் ஓடி வந்து பொனட்டைத் திறந்து உள்ளே குனிந்தார். அந்த நேரம் பார்த்து அப்பாவும் வந்துவிட்டார்.

"இன்னைக்கு மாட்டிக்கிட்டியா?"

"என்ன அண்ணே சொல்றீங்க? சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்குறேன்."

"பாக்குறியா, பண்றியா?"

முஹைதீனின் முகம் சுருங்கிப்போனது. பின்பக்கம் போய், வெறும் சாக்குகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா, அது உறுமுனப்ப நானா பின்சக்கரத்துக்கிட்ட இருந்தாரு" என்றாள் குமாரி.

"முன்கூட்டியே எதையாவது கட்டி வச்சிருப்பான்."

சந்தேகத்துக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும் போலிருக்கிறது என்று குமாரி நினைத்தாள். ஆனால் அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

லொறி ஏற்றம் தாண்டி இறக்கத்தில் போனது. காலடியில் கிடந்த ஓர் எலுமிச்சம்பழம் முன்னால் உருண்டு வந்தது. எதிரே பஸ் ஒன்று வரவே, அப்பா ஒதுக்கி நிறுத்தினார். எஞ்சின் பூனைக்குட்டியாக முனகியது.

வீட்டுக்குப் போகும் ஒழுங்கைப் பாதை செங்குத்தான ஏற்றம். அதில் லொறியை நிறுத்தியதும் பழம் பின்னால் உருண்டு சீட்டுக்கு அடியில் போனது. சற்று நேரத்தில் எஞ்சினும் உறுமியது.

"அப்பா, எலுமிச்சம்பழத்தைப் பாருங்க!"

"எலுமிச்சம்பழமா லொறியைக் கெடுக்குது?"

"இல்லப்பா. லொறி மூக்கைத் தூக்கி நின்னா உறுமுது, பழம் பின்னால ஓடுது. மூக்கைத் தாழ்த்தி நின்னா அடங்குது, பழம் முன்னால வருது. சந்தையும் சமதரை, பாஸோட கராஜும் சமதரை. அதான் அங்க உறுமல."

அப்பா சிறிது நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு லொறியைத் திருப்பி, அதே ஒழுங்கையில் கீழ்நோக்கி நிறுத்தினார்.

உறுமல் நின்றுவிட்டது.

நேராகக் கராஜுக்குப் போனார்கள். இந்த முறை லொறியை உள்ளே விடவில்லை. வெளியே இருந்த ஏற்றத்தில் நிறுத்தி, பாஸைக் கூப்பிட்டார்கள். அது உறுமியது. பாஸ் பொனட்டைத் திறந்து, டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எஞ்சின் உக்கார்ற ரப்பர் கிழிஞ்சு கெடக்கு. ஏத்தத்துல நின்னா எஞ்சினே மெல்ல மெல்லப் பின்னால நகருது. அப்ப அது இந்த அக்சிலேட்டர் கம்பியில முட்டி அழுத்துது. யாரோ மிதிக்கிற மாதிரிதான். யாரும் கை வைக்கலப்பா."

அப்பா தரையைப் பார்த்தார்.

"அப்பா, நானாகிட்ட சொல்லுங்க" என்றாள் குமாரி.

"அவன் காதுலயும் விழுந்திருக்கும்."

"இருந்தாலும் நீங்க சொல்லணும். நானும் சொல்லணும்."

முஹைதீன் இன்னும் சாக்குகளுக்கு நடுவில்தான் இருந்தார். குமாரி முதலில் போனாள்.

"நானா, காலையிலேருந்து நான் உங்கள உளவு பாத்தேன்."

"தெரியும். கண்ணச் சிமிட்டாமப் பாத்தா யாருக்குத்தான் தெரியாது? மூஞ்சியில கரி ஒட்டியிருக்கோன்னு நான் தொடைச்சிக்கிட்டே இருந்தேன்."

குமாரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்பா கிட்டே வந்தார். "முஹைதீன், தப்பு என்னோடது. வாயில வந்ததைப் பேசிட்டேன்."

முஹைதீன் சாக்குகள் பக்கம் குனிந்தார். ஒரு சாக்கை எடுத்து மடித்தார். அடுத்ததையும் மடித்தார்.

"மனசு நொந்துதான் போச்சு அண்ணே" என்றார் கடைசியில். "மச்சான் கூப்பிட்டது உண்மை. வரமாட்டேன்னு போன வாரமே சொல்லிட்டேன். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"இனி கேக்குறேன்" என்றார் அப்பா.

பாஸ் புது ரப்பர் போட்டுக் கொடுத்தார். அடுத்த முறை கண்டியிலிருந்து திரும்பும்போது, அதே ஏற்றத்தில், அதே கடை முன்னால் அப்பா லொறியை நிறுத்தினார். முஹைதீன் சக்கரத்துக்குக் கல் வைத்தார். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

எஞ்சின் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

"வா முஹைதீன், தேத்தண்ணி குடிப்போம்" என்றார் அப்பா.

மூவரும் சேர்ந்து கடைக்குள் போனார்கள். உள்ளே உட்கார்ந்து சுடச்சுடத் தேத்தண்ணியும் வடையும் சாப்பிட்டார்கள். லொறியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.