திங்கட்கிழமைத் திருகாணி

டம்ளரில் தேநீர் ஒரு பக்கமாக ஏறி நின்றது. திருப்பி வைத்துப் பார்த்தாள். அப்போதும் அதே பக்கம்தான், ஏரிக்கு எதிர்ப்பக்கம்.

அவள் பாறை ஆய்வாளர். எரிமலை நிலையம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் மலையைத் தேடி ஏமாந்துபோவார்கள். மலையே கிடையாது. ஊரையும் ஏரியையும் இந்தக் கட்டடத்தையும் மடியில் வைத்திருக்கிற முப்பது மைல் பள்ளம்தான் அதன் வாய். இதுவரை மூன்று முறை திறந்திருக்கிறது. ஏரி நடுவே துளைத்தெடுத்த மண்தண்டுகள் காய்ந்துவிடக் கூடாதென்று சன்னல்களை இறுக மூடி, பகலிலும் விளக்கெரிகிற அந்த அறையில், ஈரமண் வாடை மூக்கில் ஏற, பெட்டி பெட்டியாக அவள் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். லட்சக்கணக்கான ஆண்டு இடைவெளியில் மூன்று வெள்ளைச் சாம்பல் படிவுகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் காய்ந்து வெடித்துக் கிடந்த ஏரிச் சேறு, வெடிப்புக்குள் மீன் முள். சாம்பல் விழுமுன்னே மூன்று முறையும் ஏரி ஏன் வற்றியது? ஒரு மாதமாக அந்தக் கேள்வி அவளை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

"தரை சாஞ்சிருக்காண்ணே?"

கருவிக்காரர், தரையின் சாய்வைக் காட்டும் சாய்வுமானியின் முன்னால் குந்தியிருந்தார். "தரை எங்கம்மா சாயும்? இந்தக் கிழம்தான் சாயும். திங்கக்கிழமையானா முள்ளு நகர்ந்து நிக்கும். ஒரு திருகு திருகினா பூஜ்யத்துக்கு வந்துரும். என் வீட்டுக்காரிகூட இவ்வளவு சொன்ன பேச்சு கேக்க மாட்டா."

"எத்தனை வருஷமா?"

"நாலு. எவ்வளவு திருகினேன்னு நோட்டுல எழுதியிருக்கேன்ல."

நோட்டை எடுத்தாள். இருநூறு திங்கட்கிழமைகள். பழைய கருவி என்றால் இப்படியும் அப்படியும் தள்ளாட வேண்டும். இது தள்ளாடவில்லை. எல்லாத் திருகும் ஒரே பக்கம். கூட்டிப் பார்த்தாள். ஏரியின் அடித்தரை இரண்டாள் உயரம் எழும்பியிருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் எடுத்தான்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஏரி பின்னாடி போயிருச்சு. மதியத்துலேர்ந்து ஊரே கரையில நின்னு வேடிக்கை பாக்குது."

"சின்னவ எங்க?"

"மீன் பொறுக்கப் போயிருக்கா. சேறு வெதுவெதுன்னு இருக்காம், செருப்பைக்கூட விட்டுட்டு ஓடிட்டா."

"கூப்பிடுங்க. இப்பவே."

"கத்திப் பாத்துட்டேன். காதுல விழல. ரொம்பத் தூரம் போயிட்டா."

சன்னல் கொக்கி வரவில்லை. இழுத்தாள். திறந்தது.

தண்ணீர் இல்லை. சத்தமும் இல்லை. கறுத்த சேறு. வெடிப்புகள். வெடிப்புகளிலிருந்து ஆவி. நடுவில் சின்னதாக ஒரு மஞ்சள் கவுன்.

முதுகுக்குப் பின்னால் திருகாணி கிறீச்சிட்டது.

"வந்துருச்சும்மா. பூஜ்யம்."

பிள்ளை இரண்டு கையாலும் மீனைத் தூக்கிக் காட்டியது. அதன் காலடியில் சேறு மெல்ல மேலெழுந்தது, மூச்சை உள்ளே இழுக்கிற நெஞ்சுபோல, பிள்ளையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.

மீண்டும் இறங்கவில்லை.